பள்ளி திறக்குமுன் நாம் செய்ய வேண்டியவை

(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலி, போனஸ், லயத்துக் கூரை, தண்ணீர்க் குழாய் என்று பேச எத்தனையோ விஷயங்கள் இருக்க, பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச இன்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். இது சங்கம் பேச வேண்டிய விஷயந்தானா என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. நாம் போராடி எழுதும் கூலி ஒப்பந்தம் மூன்று வருஷத்திலோ ஐந்து வருஷத்திலோ முடிந்துபோகும். பிறகு மறுபடியும் மேஜைக்கு எதிரே உட்கார வேண்டும். பிள்ளையின் தலைக்குள் ஏறிய படிப்பை எந்த நிர்வாகமும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. தோட்டம் கைமாறினாலும், பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டாலும், லயத்தைக் காலி செய்யச் சொன்னாலும், அந்தச் சொத்து பிள்ளையோடு போகும். ஆகவே இது சங்கத்தின் காரியந்தான்.

பள்ளி திறப்பதற்கு ஆயத்தம் என்றால் நம் மனதில் என்ன தோன்றுகிறது? கடைசி வாரத்தில் பட்டணத்துக்குப் போய்ப் பை, சப்பாத்து, சட்டை, கொப்பி வாங்குவது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் கடைக்குப் போகும் அந்த நாளில்தான் ஆயத்தம் தொடங்குகிறது என்று நினைக்கும் குடும்பத்தில், பிள்ளை பாதி ஆயத்தத்தோடுதான் பள்ளிக்குப் போகிறது. பணம், பத்திரம், காலை நேரம், மொழி என்ற நான்கும் பல மாதங்களுக்கு முன்பே கவனிக்க வேண்டியவை. இந்த நான்கையும் ஒரு குடும்பம் தனியாகச் சுமப்பது கடினம். தோட்டம் முழுவதும் சேர்ந்து சுமந்தால் பாரம் தெரியாது.

தோழர்களே, தோட்டத்துப் பள்ளிக்கூடம் நமக்கு எப்படி வந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் அங்கே ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டம் வந்ததே தவிர, பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை, ஒரு பலகை, ஓர் ஆசிரியர். ஆசிரியர் கிடைக்காத இடத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் சொல்லிக்கொடுத்தார். நம் தாத்தா பாட்டிமார் ஆனா ஆவன்னா கற்றது அப்படிப்பட்ட கொட்டகைகளில்தான். காலையில் மங்கு துடைக்கப் போய், பால் தூக்க உதவி செய்து, மிஞ்சிய நேரத்தில் படித்தவர்கள் அவர்கள்.

1957-ல் சுதந்திரம் வந்தபோது மலாயாவில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், விற்கப்பட்டும், ஜனங்கள் பட்டணம் போயும், இன்று 500-க்குச் சற்று மேலேதான் எஞ்சியிருக்கின்றன. சட்டமோ முன்னேறியிருக்கிறது. 2003 முதல் 6 வருஷத் தொடக்கக் கல்வி கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2025-ல் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றியது. ஆனால் சட்டம் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். வெறுங்கையோடும் தூக்கக் கண்ணோடும் புரியாத பாஷையோடும் வருகிற பிள்ளையை அது கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைக்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

முதலில் பணத்தைப் பார்ப்போம்.

கொரோனா நோய்க் காலத்தில் பள்ளி நாட்காட்டி கலைந்துபோயிற்று. 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருஷங்களில் பள்ளி மார்ச் மாதத்தில் திறந்தது. 2025-ல் பிப்ரவரிக்கு வந்தது. 2026-ல் பழையபடி ஜனவரிக்கே திரும்பிவிட்டது. ஜனவரி என்பது பால்மரத் தொழிலாளிக்கு எப்படிப்பட்ட மாதம் என்று எண்ணிப் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் அடைமழை. நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்குக் கரையில் பெருமழை. மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் இருப்பதும் தண்ணீரோடு போய்விடும். அது ஓய்ந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வட்டாரத்துக்கு ஏற்ப முன்னும் பின்னுமாக, மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும். அப்போது பால் குறையும். 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதிகப் பாலுக்கும் ஒட்டுப்பாலுக்கும் கிடைக்கும் மேல்காசு இந்த மாதங்களில் சுருங்கிவிடும் என்பது செக்ரோல் எழுதும் நமக்கும் தெரியும், சம்பளம் வாங்கும் உங்களுக்கும் தெரியும்.

வரவு சுருங்கும் அதே மாதங்களில் செலவு என்ன ஆகிறது? தீபாவளி வருகிறது. தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ் மாதாமாதம் பிடிக்கப்படுகிறது. அது தீருமுன் பள்ளி திறக்கிறது. பள்ளி திறந்த சில நாளில் பொங்கல், அதன் பின்னே தைப்பூசம். மழைக்கும் இலையுதிர்வுக்கும் நடுவில் இத்தனையும் வரிசையாக வந்து நிற்கின்றன. அப்போதுதான் வட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான். பிள்ளையின் சப்பாத்துக்கு வாங்கிய கடனுக்கு அடுத்த தீபாவளி வரையில் வட்டி கட்டும் குடும்பங்களை நாம் அறிவோம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பால் நன்றாக வரும் காலம் மே மாதத்தில் தொடங்குகிறது. மே முதல் டிசம்பர் வரை 35 வாரம். ஒரு பிள்ளைக்கு வாரம் 5 வெள்ளி ஒதுக்கினால் 175 வெள்ளி சேரும். 2023 முதல் அரசாங்கம், குடும்ப வருமானம் பாராமல், பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவித் தொகை கொடுத்து வருகிறது. இரண்டும் சேர்ந்தால் 325 வெள்ளி. பாடநூலுக்குப் பணம் வேண்டியதில்லை. 1975-ல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் வருமானக் கணக்கு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. சப்பாத்தும் 2021 முதல் கறுப்பு. நம் செம்மண் ரோட்டில் வெள்ளைச் சப்பாத்தை வாரம் தவறாமல் தேய்த்துப் பூச்சுப் பூசி வெயிலில் வைத்த தாய்மாருக்கு அந்த வேலை மிச்சம். எஞ்சி நிற்கும் பெரிய செலவு பஸ் கூலி. அதற்குத்தான் கையில் காசு வேண்டும்.

அந்தச் சேமிப்பை எங்கே வைப்பது? சீட்டுக் கூட்டுப் பிடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். கூட்டு நடத்துவதை 1971-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. பிடித்தவர் ஓடிவிட்டால் போலீசில் போய் என்ன சொல்வது? தபால் நிலையச் சேமிப்பு வங்கிக்குப் பதிலாக 1974-ல் வந்த தேசிய சேமிப்பு வங்கியில், பிள்ளையின் பெயரிலேயே கணக்குத் திறவுங்கள். சிறு காசு என்ன செய்யும் என்று சலிக்க வேண்டாம். 1960-ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், நம்மைப் போன்றவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கியது. பத்து வெள்ளி தோட்டம் வாங்கும்போது, ஐந்து வெள்ளி ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதா?

இரண்டாவது, பத்திரங்கள். இதில் கிராணிமாராகிய நமக்குப் பெரிய கடமை உண்டு.

முதலாம் ஆண்டில் சேர்க்கும் மனுவை இப்பொழுது இணையத்தின் வழி, பள்ளி திறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே கொடுக்க வேண்டியிருக்கிறது. மலாயில் எழுதிய மனுவை நிரப்பத் தெரியாத தகப்பனார் அதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போகிறார். ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது அரை மணி நேர வேலை. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம், அதாவது நாம் சூராட் பிராணாக் என்று சொல்வது, இருக்கிறதா, பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். 12 வயது நிரம்பிய பிள்ளைக்கு அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். அந்த வயது ஆறாம் ஆண்டில் வருகிறது. அதே வருஷத்தில் எடுத்துவிட்டால் இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது ஓட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு திருமணம் முடிந்தது என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். 1982 மார்ச் 1 முதல் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் பிரஜா உரிமை தாயின் வழியே கணக்கிடப்படுகிறது. தாய் வெளிநாட்டவராக இருந்தால், தகப்பன் இந்த நாட்டில் மூன்று தலைமுறையாக மரம் வெட்டியவர் ஆனாலும் பிள்ளை பிரஜை ஆகாது. அது தெரிய வருவது பெரும்பாலும் பள்ளிக்கூட வாசலில்தான். அப்படிப்பட்ட குடும்பம் நம் தோட்டத்தில் இருந்தால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். தகப்பனோ தாயோ பிரஜையாக இருந்தால், பத்திரம் முடியுமுன்பே பிள்ளையைச் சேர்க்க வழி உண்டு. மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் பதிவு இலாகாவுக்கும் சங்கக் கிளையிலிருந்து ஒருவர் கூடப் போகட்டும். தனியாகப் போகிற தொழிலாளியை நாளைக்கு வா என்பார்கள். கையில் கடிதத்தோடு இருவராகப் போனால் உட்காரச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் ஆசிரியர் இல்லாத கொட்டகையில் கிராணி பாடம் சொன்னார் என்றோம். இன்று பாடம் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மனு எழுதவும், சம்பளச் சீட்டைத் தேதி தவறாமல் கொடுக்கவும், உபகாரச் சம்பளத்துக்குக் கேட்கும் கடிதத்தை இழுத்தடிக்காமல் தட்டச்சு செய்து கொடுக்கவும் கிராணி இருக்கிறார். பேனா பிடித்தவர் வேறு, கத்தி பிடித்தவர் வேறு என்று நம்மைப் பிரித்து வைத்திருந்த காலம் போதும். இரண்டு பேர் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள்.

மூன்றாவது, காலை நேரம். இது மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாத, தோட்டத்துக்கே உரிய கஷ்டம்.

வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே பிரட்டுக்கு விடியுமுன் போக வேண்டும். தாயும் தகப்பனும் நிரைக்குப் போன பிறகுதான் பிள்ளை எழுந்திருக்க வேண்டும். 1982 ஜனவரி 1-ல் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். ஜனவரியில் சூரியன் உதிப்பது ஏழு மணிக்கு மேல். ஏழு வயதுப் பிள்ளை பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்னும் இருட்டுத்தான். அந்தப் பிள்ளையை எழுப்புவது யார்? ஒரு வாய் கஞ்சியோ ரொட்டியோ கொடுப்பது யார்? சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது யார்? வெறும் வயிற்றோடு போன பிள்ளைக்குப் பத்து மணி வரை கரும்பலகை கண்ணில் படாது.

விடுமுறையில் பிள்ளைகள் நடுராத்திரி வரை கைத்தொலைபேசியும் தொலைக்காட்சியும் பார்த்துவிட்டுப் பகல் பத்து மணிக்கு எழுந்திருக்கிறார்கள். பள்ளி திறக்கும் நாளன்று ஐந்தரைக்கு எழும்பு என்றால் உடம்பு கேட்காது. பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். காலையில் ஒவ்வொரு நாளும் கால் மணி முன்னதாக எழுப்புங்கள். பையை இரவிலேயே அடுக்கி வைக்கவும், சட்டையை ஆணியில் மாட்டி வைக்கவும், தண்ணீர்ப் போத்தலை நிரப்பவும் பிள்ளைக்கே பழக்குங்கள். ஆண் பிள்ளைக்கும் அப்படியே. அக்காளோ தங்கையோ செய்து கொடுப்பாள் என்று அவன் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அதோடு ஒரு யோசனை. நம் லயத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாட்டிமார், தாத்தாமார் இருக்கிறார்கள். வரிசைக்கு ஒருவர் முன்வந்து, காலையில் ஐந்தாறு வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளைகளைப் பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுபோய் விடட்டும். கிளை நிதியிலிருந்து அவருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுப்பது தர்மம் ஆகாது. அது கூலிக்குத் தகுந்த வேலைதான்.

நான்காவது, மொழி. தோழர்களே, இதில்தான் நாம் பிள்ளைகளை அதிகமாக இழக்கிறோம். சற்று பொறுமையாகக் கேளுங்கள்.

ஆறாம் ஆண்டு வரை பிள்ளை தமிழில் படிக்கிறது. ஆசிரியர் தமிழில் அதட்டுகிறார், தமிழில் தட்டிக்கொடுக்கிறார். முதலாம் படிவத்துக்குப் போனால் எல்லாம் மலாய் மொழியில். பள்ளி பெரியது, பட்டணத்தில் இருக்கிறது, பாடத்துக்கு ஓர் ஆசிரியர். தமிழ்ப் பள்ளியில் முதல் வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கிய பிள்ளை அங்கே கடைசி வரிசைக்குப் போய் வாயைத் திறக்காமல் இருக்கிறது. கணக்குத் தெரியாமல் அல்ல, கணக்கின் கேள்வி புரியாமல். ஆறு மாதம் இப்படிப் போனால் பிள்ளைக்குத் தலைவலி வருகிறது, வயிற்று வலி வருகிறது, பஸ் தவறிப்போகிறது. பிறகு ஒரு நாள், நான் போகவில்லை அப்பா, உங்களோடு வேலைக்கு வருகிறேன் என்கிறது. அப்பாவுக்கும் கை நோகிறது. சரி வா என்றுவிடுகிறார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு தலைமுறை மறுபடியும் நிரைக்குள் போய்விடுகிறது.

ஆறாம் ஆண்டுச் சோதனை 2021-ல் நிறுத்தப்பட்டது. மூன்றாம் படிவச் சோதனை 2022-ல் நிறுத்தப்பட்டது. சோதனை இல்லை என்பதால் கவலை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. முன்பு பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஒரு தாள் காட்டியது. இப்பொழுது நாமே போய் ஆசிரியரிடம் கேட்டால்தான் தெரியும். ஐந்தாம் ஆண்டிலேயே போய்க் கேளுங்கள். மலாய் மொழியில் என் பிள்ளை வாசிக்கிறதா, எழுதுகிறதா, எதில் குறைவு என்று கேளுங்கள். ஆறாம் ஆண்டு முடிவில் கேட்டால் காலம் கடந்துவிடும்.

மலாயில் போதிய தேர்ச்சி இல்லாத பிள்ளையை முதலாம் படிவத்துக்கு முன் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் வைக்கிறார்கள். அதைப் பெயில் வகுப்பு என்று லயத்தில் கேலி பேசுவதை இன்றோடு விடுவோம். அஸ்திவாரம் பலமாகப் போட ஒரு வருஷம் அதிகம் ஆகிறது, அவ்வளவே. கேலிக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் அங்கிருந்து நின்றுவிடுகிறார்கள். பாடம் கஷ்டமாக இருந்ததைவிடப் பக்கத்து வீட்டுப் பேச்சு கஷ்டமாக இருந்தது என்று சொன்ன பிள்ளைகள் உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்? தமிழை விட்டுவிட்டு மலாய் பேசுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தாய்மொழி உறுதியாக உள்ள பிள்ளைக்கு இன்னொரு மொழியைப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது. விடுமுறையில் தினம் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலாய், வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மலாய் எழுத்துத் தெரியாவிட்டால் என்ன? பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாசித்ததைத் தமிழில் சொல் பார்ப்போம் என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் புரிந்திருக்கிறது, தடுமாறினால் புரியவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டியதில்லை, காது போதும். சந்தையிலும் கிளினிக்கிலும் மலாயில் பேச வேண்டிய இடத்தில் பிள்ளையை முன்னே விட்டுப் பேச வையுங்கள்.

இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையைத் திறப்பதற்கு முன்பே ஒரு நாள் அழைத்துக்கொண்டு போய், பஸ் எங்கே நிற்கிறது, வாசல் எது, கண்டீன் எது என்று காட்டிவிடுங்கள். அதே பள்ளியில் படிக்கும் நம் தோட்டத்துப் பெரிய பிள்ளை ஒருவரைத் துணைக்குச் சேர்த்துவிடுங்கள். அங்கேயும் தமிழ் படிக்க உரிமை உண்டு. 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்று 1996-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நம் ஒருவர் போகாவிட்டால் என்ன என்று பதினைந்தாவது ஆள் வீட்டில் இருந்துவிட்டால் வகுப்புக்கு வழி அடைந்துபோகும். சங்கத்தில் ஒரு கை குறைந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா?

தோழர்களே, பேசிவிட்டுக் கலைந்துபோக நாம் இங்கே கூடவில்லை. நான்கு காரியங்களைக் கிளையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, அடுத்த மே மாதச் சம்பள நாளிலிருந்து வாரம் 5 வெள்ளி சேமிப்பு. கணக்குத் திறக்கத் தெரியாதவர்களைக் கிளைக் காரியக் கமிட்டி வங்கிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் மனு எழுதும் நாள். கிராணிமார் முறை போட்டு இருக்க வேண்டும். காசு வாங்கக் கூடாது.

மூன்றாவது, வரிசைக்கு ஒரு பாட்டி அல்லது தாத்தா, காலையில் பிள்ளைகளைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடும் ஏற்பாடு.

நான்காவது, விடுமுறையில் வாரம் மூன்று மாலை, ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மலாய் வாசிப்பு. நம் தோட்டத்தில் ஐந்தாம் படிவம் முடித்த இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. அவர்களுக்கு முன்னே நடந்தவர்கள் விட்டுச்சென்ற கடன் அது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். நமக்கு மழையும் தெரியும், இலையுதிரும் காலமும் தெரியும், பள்ளி திறக்கும் மாதமும் தெரியும். மூன்றும் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. மரத்தில் பட்டையை எந்த ஆழத்துக்கு வெட்டினால் மரம் காயப்படாது, அடுத்த வருஷமும் பால் தரும் என்று கணக்குப் பார்த்து வெட்டுகிற கைகள் நம் கைகள். அந்தக் கணக்கைப் பிள்ளைகள் விஷயத்திலும் பார்ப்போம்.

தீர்மானங்களை ஆதரிப்பவர்கள் கை தூக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்கச் சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்கிறோம். ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!